பரிசலும் பிரவாகமும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால், தர்மபுரிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் காலைப் பத்திரிகையை விரிக்கிறவர்கள், அரசியலையும் தங்கத்தின் விலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, உள்பக்கத்து மூலையில் கிடக்கும் ஓர் எண்ணைத் தேடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று அந்தச் செய்தி தொடங்கும். அடுத்த வரியிலேயே ஒகேனக்கலில் பரிசல் ஓட்ட அனுமதி உண்டா இல்லையா என்பது வந்துவிடும். கடலே இல்லாத ஒரு மாவட்டத்தில், உல்லாசப் படகுப் பிரயாணத்தின் க்ஷேமம் முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிக் கிடப்பதுபோல் தோன்றும். அப்படி அடங்கிவிடுமா என்பதைச் சற்று நிதானமாக விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடியாக உள்ள பெட்டி ஒன்றில் கொள்ளும் நீர் ஒரு கன அடி. லிட்டரில் சொன்னால் 28.3. கேட்பதற்கு இரண்டு குடம் தண்ணீர் அளவுதான். ஆனால் விநாடிக்கு 10,000 கன அடி என்றால், ஒருவர் கண்ணை இமைத்துத் திறப்பதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 283 டன் நீர் அவரைக் கடந்து போய்விடுகிறது என்று அர்த்தம். பென்னாகரத்துக் காடுகளில் திரியும் யானை ஒன்றின் எடை 4 டன் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு எழுபது யானைகள் இடைவெளியின்றி ஓடுவதற்குச் சமானம். 2018 ஆகஸ்டில் குடகிலும் வயநாட்டிலும் வானம் பொத்துக்கொண்டு கொட்டியபோது இங்கே வந்த வெள்ளம் ஏறத்தாழ 2 லட்சம் கன அடி. யானைகளின் எண்ணிக்கையை வாசகர்களே இருபதால் பெருக்கிக்கொள்ளலாம். கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான காவிரி நதிநீர் வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தபோது, அது அளக்கப்பட வேண்டிய இடமாகக் குறித்ததும் இதே பிலிகுண்டுலுவைத்தான். தலைநகரில் பெரிய வக்கீல்கள் வாதாடுகிற அதே அளவுகோலைப் பார்த்துத்தான், அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பதைப் பரிசல் ஓட்டியின் வீட்டிலும் நிச்சயம் செய்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஒரு விநோதமாகப் படும்.

ஒகேனக்கல் என்ற பெயர் கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள்படும். அகன்ற பாறைப் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து வரும் காவிரி, இங்கே பள்ளங்களில் விழுந்து, நீர்த்துளிகளைப் புகைபோல மேலே எழுப்பி, பிறகு நெட்டுக்குத்தான சுவர்களைப் போன்ற பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிச் செல்கிறது. விழுகிற இடத்தில் கர்ஜனை. நூறு கஜத்துக்கு அப்பால் மௌனம். அந்த மௌனமான, பச்சை நிறம் பாய்ந்த இடத்தில்தான் பரிசல்கள் போகின்றன. அருவியைப் பார்த்துப் பயந்தவர்கள் அங்கே வந்ததும் பயம் தெளிந்துவிடுகிறார்கள். அது அவ்வளவு சரியான தெளிவு அல்ல என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பரிசலைப் பார்த்திராதவர்கள் இருந்தால், சாணம் மெழுகாத ஒரு ராட்சதக் கூடையை மனத்தில் நினைத்துக்கொள்ளலாம். மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை வளைத்துக் கட்டி, அடிப்புறத்தைத் தண்ணீர் புகாதபடி மூடிவிட்டால் பரிசல். அந்தக் காலத்தில் மூடுவதற்குத் தோல். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். சில இடங்களில் மூங்கிலே இல்லாமல் ஃபைபரால் வார்த்தவையும் வந்துவிட்டன. விட்டம் ஏழெட்டு அடி இருக்கும். வேலை முடிந்ததும் ஓட்டி அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடந்து போகும்போது, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பெரிய ஆமை எழுந்து நடப்பதுபோல் இருக்கும்.

இந்த வட்டப் படகு மிகப் பழைய சிருஷ்டி. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பிரயாணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கூடைபோன்ற தோல் படகுகளில் பதினைந்து இருபது பேர் கடந்ததையும், மாடுகளும் குதிரைகளும்கூட அவற்றில் ஏற்றப்பட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். மற்றப் படகுகளைப்போல நேராகப் போகத் தெரியாமல் அவை எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தன என்ற குறிப்பையும் அவர் விடவில்லை. இராக்கில் டைக்ரிஸ், யூஃப்ரட்டீஸ் நதிகளில் குஃபா என்ற பெயரில் இதற்கு ஒரு சகோதரி உண்டு. வேல்ஸ் நாட்டில் இன்னொரு சகோதரி. பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல், பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றைப் படித்து, பிரளய காலத்தில் உயிர்களைக் காத்த கப்பலே வட்டமான பரிசல்தான் என்று 2014-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பலகையில் உள்ள விதிப்படி, அளவில் சுருக்கி ஒரு மாதிரிக் கப்பலைக் கேரளத்தில் கட்டி மிதக்கவும் விட்டார்கள். மிதந்தது; ஒழுகவும் செய்தது என்று கேள்வி.

இத்தனை தேசங்களில் ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த வடிவத்தில் ஏதோ ஒரு யுக்தி இருக்க வேண்டும். பரிசலை ஒரு வட்டத் தட்டாகப் பாவித்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது புலப்படும். ஏழடி விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 3.6 சதுர மீட்டர். அவ்வளவு பரப்புள்ள தட்டு நீரில் ஒரு சென்டிமீட்டர் அமிழ வேண்டுமானால் 36 லிட்டர் நீரை அது விலக்க வேண்டும். அதாவது 36 கிலோ பாரம் ஏற வேண்டும். ஆகவே 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி உட்கார்ந்தால் பரிசல் இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை. ஐந்து பிரயாணிகளும் ஓட்டியும் பரிசலின் சொந்த எடையும் சேர்ந்து 400 கிலோ என்றாலும் 11 சென்டிமீட்டர்தான் அமிழும். முழங்கால் ஆழத்துக்கும் குறைவான நீரில், பாறைக்கு மேல் பாறையாகத் தடவிக்கொண்டு இது அனாயாசமாகப் போவதன் ரகசியம் இதுவே. தப்பித் தவறிப் பாறையில் இடித்தாலும், பலகைப் படகைப்போல விரிசல் காணாமல், மூங்கில் சற்று உள்வாங்கி மறுபடி நிமிர்ந்துகொள்கிறது.

நீண்ட படகுக்கு அடியில் ஒரு முதுகெலும்பு உண்டு; நீரைக் கிழித்து நேர்கோட்டில் போக அது உதவுகிறது. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. ஒரு பக்கமாகத் துடுப்புப் போட்டால் உடனே சுற்றத் தொடங்கும். அதனால்தான் நம் ஓட்டிகள் முன்புறத்தில் உட்கார்ந்து, எதிரே உள்ள நீரைத் துடுப்பால் வாரித் தங்களை நோக்கி இழுப்பதுபோல் வலிக்கிறார்கள். நதியின் ஒடுங்கிய பாகத்தில், பிரயாணிகளை மகிழ்விப்பதற்காக, அதே பரிசலை வேண்டுமென்றே கிறுகிறுவென்று சுற்றியும் காட்டுவார்கள். குழந்தைகள் கூச்சலிடும், பெரியவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில், விளிம்போரம் உட்கார்ந்தவரை அவருடைய எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட விசை வெளியே தள்ளுவதுபோல் இருக்கும். சுற்றிலும் ஒரே சீராக ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு பக்கம் மூவரும் மறுபக்கம் ஒருவருமாக இருந்தால் ஈடுகட்டாது. ஆக, பரிசலில் நாம் காசு கொடுத்து அனுபவிக்கிற உல்லாசமும், பத்திரிகையில் வருகிற விபத்தும், முதுகெலும்பில்லாத அந்த வட்ட வடிவம் என்னும் ஒரே தாயின் பிள்ளைகள்.

படகு ஏன் கவிழ்கிறது என்ற கேள்விக்குக் கணித ரூபமான விடையைக் கொடுத்தவர் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர். அவருடைய நூல் 1746-இல் வெளிவந்தது. பூமியின் ஆகிருதியை அளப்பதற்காகப் பெரு தேசத்துக்குப் போய், ஆண்டீஸ் மலைச் சிகரங்களுக்கு மத்தியில் ஆண்டுக்கணக்காக இருந்தபோதுதான் அவர் கப்பலைப் பற்றிய இந்தச் சிந்தனைகளை வளர்த்தார் என்பதைப் படித்தபோது, கடலைக் காணாத மாவட்டத்துக்காரர்களும் படகு சாஸ்திரம் பேசலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது. அவர் சொன்னது இது. படகின் எடை ஒரு புள்ளியில் குவிந்து கீழே இழுக்கிறது. நீரின் தாங்கல் வேறொரு புள்ளியில் குவிந்து மேலே தூக்குகிறது. படகு சாயும்போது, தாழ்ந்த பக்கம் அதிக நீரை விலக்குவதால் தாங்கும் புள்ளி அந்தப் பக்கமாக நகர்ந்து, படகை நிமிர்த்தப் பார்க்கிறது. சாய்ந்த நிலையில் அந்தத் தாங்கல் மேல்நோக்கிச் செல்லும் கோடு, படகின் நடுக்கோட்டை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயர். எடைப் புள்ளிக்கு மேலே அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் படகு ஸ்திரமானது. எடைப் புள்ளி அதையும் தாண்டி மேலேறிவிட்டால் படகு தானாகவே கவிழ்ந்துபோகும்.

இப்போது நம் பரிசலுக்கு வருவோம். ஐந்து பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் 400 கிலோப் பரிசலில் இந்த உயர வித்தியாசம் கணக்குப்படி இரண்டேகால் மீட்டர் வருகிறது. இவ்வளவு சிறிய படகுக்கு இது அபாரமான ஸ்திரம். ஐவரில் இருவர் ஒரு பக்கமாக நகர்ந்தாலும் அந்த ஓரம் பத்து சென்டிமீட்டர் மட்டுமே தாழும். ஒன்றரை அடி ஆழமுள்ள பரிசலானால் விளிம்புக்கும் நீருக்கும் இடையே இன்னும் ஒரு முக்கால் அடி மிஞ்சியிருக்கும். அதே பரிசலில் எட்டுப் பேரை ஏற்றி, அருவி கண்ணில் பட்டதும் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் 600 கிலோவாகிறது. விளிம்பு நீருக்கு மேலே 28 சென்டிமீட்டர்தான் நிற்கிறது. எடைப் புள்ளி மடியிலிருந்து இடுப்புக்கு ஏறிவிட்டது. இரண்டேகால் மீட்டராக இருந்த ஸ்திரம் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்நிலையில் நால்வர் படம் எடுப்பதற்காக ஒரு பக்கம் சரிந்தால், அந்த ஓரம் 28 சென்டிமீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்து நீர் உள்ளே பாய்கிறது. பாய்ந்த நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும். அதற்குப் பிறகு கணக்குக்கு வேலையில்லை.

நதியிலும் காற்றிலும் ஒரு மாற்றமும் நிகழவில்லை என்பதையும், ஆட்களின் எண்ணிக்கையும் அவர்கள் எழுந்து நின்றதும் மட்டுமே மாறின என்பதையும் கவனிக்க வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். ஏரியில் அலை கிடையாது. கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது; படகின் ஸ்திரக் குறைவும் பிற்பாடு வெளிப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஒகேனக்கலிலேயே 2015-இல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலரின் பிராணன் போயிற்று. விடுமுறை, குடும்பம், சந்தோஷம் என்ற மூன்றும் இம்மாதிரி விபத்துகளில் திரும்பத் திரும்ப ஒன்றுசேர்வதைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் வருஷக்கணக்கில் போராடியதன் பலனாக, கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு வரைய வேண்டும், பாரம் ஏற்றும்போது அந்தக் கோடு நீரில் மறையக் கூடாது என்ற சட்டம் 1876-இல் வந்தது. பரிசலில் அப்படி வரைந்த கோடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அந்த வேலையை ஓட்டியின் கண் செய்கிறது. ஒருமுறை நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், எங்கள் ஓட்டி ஒன்றும் பேசாமல் விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு, நீர்மட்டம் மணிக்கட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு எங்களில் பருமனான நண்பரை எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னார். அருவி தெரிந்ததும் நான் எழ முயன்றேன். "உக்காந்துக்கிட்டே பாருங்க சார், அருவி எங்கேயும் ஓடிடாது" என்றார். பூகேயின் கணக்கைப் பக்கம் பக்கமாகச் சொன்னாலும் இவ்வளவு தெளிவாக இராது.

மௌனமான நீரைப் பற்றி மேலே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். ஓசை இல்லாவிட்டாலும் அந்த நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடும் நீர் ஒரு பொருளின் மீது செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள நீரில் தொடையளவு இறங்கி நிற்பவரை நீர் ஏறக்குறைய 10 கிலோ எடையளவு தள்ளுகிறது, சமாளித்துவிடலாம். அதே இடத்தில் வேகம் மூன்று மீட்டராகும்போது தள்ளல் 90 கிலோவாகிறது. எந்தப் பயில்வானும் நிற்க முடியாது. நிற்க முயல்கிறவனுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. ஒகேனக்கல் படுகையில் பாறைகளை நீர் காலங்காலமாகக் குடைந்து இடுக்குகளையும் குழிகளையும் செய்திருக்கிறது. அத்தகைய இடுக்கில் கால் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னால் வளைத்து முகத்தை அமுக்கிவிடும். இடுப்பளவு நீரிலேயே மனிதர்கள் மூழ்கிப்போவது இதனால்தான். ஆற்றோடு அடித்துச் செல்லப்படுகிறவர் காலை ஊன்றப் பார்க்கக் கூடாது. மல்லாந்து, பாதங்களை நீர்மட்டத்துக்குத் தூக்கி, போகிற திசையில் நீட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். பாறை வந்தால் தலைக்குப் பதிலாகக் கால் தாங்கிக்கொள்ளும். அதே நிலையில் கைகளால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்கலாம்.

அருவி விழும் மடுவின் விஷயம் இன்னும் விபரீதமானது. மேலிருந்து விழும் நீர் அடிவரை போய், பிறகு மேலெழுந்து, ஒரு பகுதி அருவியை நோக்கியே திரும்பி வருகிறது. அதில் அகப்பட்டது கட்டையாக இருந்தாலும் மனிதனாக இருந்தாலும் உருண்டுகொண்டே இருக்கும். அங்குள்ள வெண்மையான நுரையோ நீரும் காற்றும் கலந்த கலவை. பத்தில் மூன்று பங்கு காற்று கலந்திருக்குமானால், அந்தக் கலவை நம்மைத் தாங்கும் சக்தியும் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். சாதாரண நீரில் மிதக்கிற உடல் நுரையில் அமிழ்கிறது. மிதவைச் சட்டை போட்டவரும் அங்கே எதிர்பார்த்ததைவிட ஆழமாகவே மிதப்பார். அருவிக்கு அருகே கொண்டுபோய்க் காட்டச் சொல்லிப் பரிசல் ஓட்டியிடம் பேரம் பேசுகிறவர்களைக் காணும்போது எனக்கு அடிவயிற்றைக் கலக்கும். இவர்களில் பலர் சற்று முன்புதான், ஆற்றில் முதலை உண்டா என்று நாலு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டவர்கள்!

மிதவைச் சட்டையை, லைஃப் ஜாக்கெட் என்று சொன்னால்தான் பரிசல் துறையில் புரியும். துறையில் கொடுக்கப்படும் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொள்ளும்போது, இத்தனை லேசான பொருள் என்னை எப்படித் தாங்கும் என்ற சந்தேகம் எல்லாருக்கும் வரும். நியாயமான சந்தேகந்தான். ஆனால் அந்தச் சட்டை நம் முழு எடையையும் தூக்க வேண்டியதில்லை. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், மூச்சை இழுத்துப் பிடித்தவர் உச்சந்தலை மட்டும் தெரியும்படி தாமாகவே மிதப்பார். துரதிர்ஷ்டவசமாக நாம் உச்சந்தலையால் சுவாசிப்பதில்லை. மூக்கும் வாயும் வெளியே இருக்க வேண்டுமானால் தலையை நீருக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. அவ்வளவுக்கு மட்டும் உதவி போதும். ஐந்தாறு லிட்டர் காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து வைத்த நுரைப்பொருளால் அது நிறைவேறிவிடுகிறது.

இதற்கு ஒரு சரித்திரச் சாட்சியும் உண்டு. 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் ஒரு பெரும் புயலில், மற்றவர்களைக் காப்பாற்றப் புறப்பட்ட உயிர்காப்புப் படகே கவிழ்ந்தது. அதிலிருந்த 13 பேரில் ஹென்றி ஃப்ரீமன் என்ற ஒருவர் மட்டும் பிழைத்தார். புதிதாக வந்திருந்த தக்கைச் சட்டையை அன்று அணிந்திருந்தவர் அவர் ஒருவரே. தக்கைக்குப் பிறகு வந்த பொருள் நமக்கு மிகவும் பரிச்சயமானது. நம் வீட்டுத் தலையணைகளில் அடைக்கிற இலவம்பஞ்சுதான் அது. இலவ இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்றடைத்த நுண்குழாய். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் ஒட்டாது. தன் எடையைப்போல் முப்பது மடங்கு வரை தாங்கும் என்பார்கள். இரண்டு உலக யுத்தங்களிலும் கப்பற்படை வீரர்கள் இலவம்பஞ்சுச் சட்டைகளை அணிந்தார்கள். எண்ணெய் படிந்த நீரில் ஊறினால் அதன் மிதப்பு குறைந்துபோகும் என்ற குற்றம் தெரிந்த பிறகே செயற்கை நுரைகள் அதன் இடத்தைப் பிடித்தன.

சட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் பொத்தான் போடாத அரைக்கைச் சட்டையைப்போலத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டால் பயனில்லை. நீரில் விழுந்ததும் சட்டை மேலே மிதக்கப் பார்க்கும், உடல் கீழே போகப் பார்க்கும். வார் இறுகியிருந்தால்தான் இரண்டும் சேர்ந்திருக்கும். மாட்டிய பின் தோள்பட்டையருகே பிடித்து ஒருவரை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறினால் அது உங்களுக்கு உரியது அல்ல. பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டுவது இதனாலேயே மகா தவறு. குழந்தை அடியில் நழுவிவிடும், சட்டை மட்டும் மேலே மிதக்கும்.

சினிமாவில் மூழ்குகிறவன் கையை வீசி, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று அலறுவான். வாஸ்தவத்தில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையற்றது. சுவாசத்துக்கே வாய் போதாதபோது கூவுவதற்கு அது எங்கே கிடைக்கும்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீண்டு நீரை அமுக்கும், வீச முடியாது. இந்த நிலையில் ஒருவர் மேற்பரப்பில் போராடும் நேரம் இருபதிலிருந்து அறுபது விநாடி என்று, உயிர்காப்பாளராகப் பணியாற்றி இதைக் கூர்ந்து கவனித்த பிரான்செஸ்கோ பியா குறித்திருக்கிறார். அந்த நேரத்தில் அருகே போகிறவரை அவர் ஏணியாகப் பாவித்து மேலே ஏறப் பார்ப்பார். அறிவு அங்கே வேலை செய்வதில்லை. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கினார் என்று வாசிக்கும் செய்திகளுக்குக் காரணம் இது. கரையிலிருந்தோ பரிசலிலிருந்தோ துடுப்பை நீட்டலாம், கயிற்றை எறியலாம், காலிக் குடத்தை வீசலாம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணைப்பகுதியில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கண்ட மூன்று பெண்கள், தங்கள் புடவைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்தது. எறிந்து காப்பாற்று என்ற சாஸ்திரத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் அவர்கள் கடைப்பிடித்த லாகவம், அந்தத் தைரியத்தைப்போலவே எனக்கு வியப்பளிக்கிறது.

உலகெங்கும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதே ஆண்டிலிருந்து ஜூலை 25-ஆம் தேதியை இதற்கான விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் சபை அனுசரித்து வருகிறது. அந்தத் தேதி நமக்கு ஆடி மாதத்தில் வருகிறது. அடுத்த ஒன்பது பத்து நாளில் ஆடிப்பெருக்கு. யார் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார்களோ தெரியாது, காவிரிக்கரைக்கு இதைவிடப் பொருத்தமான சமயம் கிடைக்காது. தென்மேற்குப் பருவமழையால் கர்நாடகத்துக் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகரமும் நிரம்பி, அங்கே மதகுகள் திறக்கப்படுவது இந்த நாட்களில்தான். இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்; ஒரு சொட்டு மழை இராது; பாறைமேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், எங்கோ ஒரு வேற்று மாநிலத்தில் பெய்த மழை தம் கால்விரலைத் தொடுவதை முதலில் கவனிக்கவும் மாட்டார். கண்ணுக்கு எட்டிய வானத்தைப் பார்த்து நதியை மதிப்பிடுவது மலைப்பிரதேசத்து ஆறுகளில் பலிக்காது. மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுவது இதனால்தான். நதி மிக அழகாக இருக்கும் வாரங்களும் அதைத் தொடக் கூடாத வாரங்களும் ஒன்றாகவே அமைந்திருப்பது, தொலைவிலிருந்து வந்து திரும்பிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். ஓட்டிகளுக்கு வருமானமில்லாத வாரங்கள். தடை நாளில் கூலிக்கு என்ன வழி என்பதையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பசித்தவனிடம் நூறு ரூபாயை அதிகமாக நீட்டி, யாருக்கும் தெரியாமல் ஒரு நடை போய் வரலாமா என்று கேட்கிற பிரயாணிகள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள்.

சென்ற ஆடியில் அப்படி ஒரு தடை நாளில் நான் அங்கே போயிருந்தேன். பரிசல்களெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு முதியவர் பழைய டின் ஒன்றில் தாரைக் காய்ச்சி, துணி சுற்றிய குச்சியால் தம் பரிசலின் அடியில் தடவிக்கொண்டிருந்தார். என் கையில் போனைப் பார்த்து, "பிலிகுண்டுலு இன்னைக்கு என்ன போட்டிருக்காங்க சார்?" என்றார். பார்த்துச் சொன்னேன். அவர் குச்சியைக் கீழே வைக்காமலே திரும்பி, ஆற்றின் நடுவே தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கறுத்த பாறையைச் சிறிது நேரம் பார்த்தார். "அந்தத் தண்ணி இன்னும் இங்க வந்து சேரல. சாயங்காலம் அந்தக் கல்லு இருக்காது பாருங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தார் தடவத் தொடங்கினார். ஐந்தரை மணி வாக்கில் திரும்பி வந்து பார்த்தேன். கல் இருந்த இடத்தில் நீர் சற்றே மேடிட்டு வழுவழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.